விறகுக் காட்டின் கணக்கு

மலாயாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் ஈயத்தைப் பற்றி எழுதினார்கள். ரப்பரைப் பற்றி எழுதினார்கள். ரயில் பாதைகளையும் துறைமுகங்களையும் பற்றி ஏடு ஏடாக எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த ஈயத்தை உருக்கிய தீ எது? அந்த ரயில் எஞ்சினின் கொதிகலனை முதன்முதலில் காய்ச்சிய எரிபொருள் எது? ரப்பர்த் தகடுகளைப் புகைவீட்டில் உலர்த்தியது எது? லயத்து வீடுகளில் விடியுமுன் கஞ்சி காய்ச்சியது எது? இக்கேள்விகளுக்கெல்லாம் விடை ஒன்றே. அது விறகு.

ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் படித்த நம்மவர்க்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றித் தெரியும். நியூகாசில் நகரிலிருந்து கரி ஏற்றிச் சென்ற கப்பல்களைப் பற்றிப் பரீட்சையில் விடை எழுதியிருப்போம். இக்கட்டுரையாளனும் அவ்வாறு எழுதியவனே. ஆயினும் பேராக் கடற்கரையில், தைப்பிங் நகரத்திலிருந்து எட்டு மைல் தொலைவில், நூறாண்டுக்கு மேலாக வெட்ட வெட்டத் தழைத்து வரும் ஒரு விறகுக் காடு இருப்பதை எந்தப் பாடப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. உலகத்து வனநூல் வல்லார் பலர் தேடி வந்து கண்டு, புகழ்ந்து எழுதிய காடு அது. அதன் வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும். ஏனெனில், விறகு எவ்வாறு விளைந்தது, யாரால் வெட்டப்பட்டது, யாருக்கு விற்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டே போனால், இந்நாட்டில் யாருடைய உழைப்பு கணக்கில் ஏறிற்று, யாருடைய உழைப்பு ஏறவில்லை என்ற கேள்வியில் போய் நிற்போம்.

கணக்கற்ற தீ

முதலில், கணக்கில்லாமல் எரித்தால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். அதற்குச் சிங்கப்பூரே சாட்சி.

1819-ம் ஆண்டில் ராபிள்ஸ் அத்தீவில் வந்து இறங்கிய காலத்திலேயே அங்கே சீனக் குடியானவர்கள் கம்பீர் பயிரிட்டு வந்தனர். கம்பீர் என்பது ஒரு கொடிச்செடி. அதன் இலையைப் பெரிய கொப்பரைகளிலிட்டு மணிக்கணக்காகக் காய்ச்சிச் சாறு இறக்கி, அதை இறுகவைத்துக் கட்டிகளாக நறுக்கி விற்பார்கள். தோல் பதனிடுவதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் ஐரோப்பாவில் அதற்கு நல்ல விலை இருந்தது. வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவோரும் அதை வாங்கினர்.

இலையைக் காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். அதுவும் நாள்தோறும் வேண்டும். ஒரு கம்பீர்த் தோட்டத்தின் அடுப்பு அணையாதிருக்க வேண்டுமானால், பயிர் நிற்கும் நிலத்தின் அளவுக்கு ஏறக்குறையச் சமமான காடு பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது அக்காலத்தார் கண்ட அனுபவம். பதினைந்து இருபது ஆண்டுகளில் மண்ணின் சாரம் குன்றும். அதற்குள் சுற்றிலும் விறகும் தீர்ந்துபோகும். குடியானவன் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவான். அவன் விட்டுச் சென்ற இடத்தில் லாலாங் புல் முளைக்கும். இவ்வாறு சிங்கப்பூர்த் தீவில் காடு அருகியபோது பலர் ஜலசந்தியைத் தாண்டி ஜொகூருக்குச் சென்றார்கள். 1883-ம் ஆண்டில் நதானியல் காண்ட்லி என்னும் அதிகாரி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அப்பொழுது சிங்கப்பூரில் அழியாது எஞ்சிய காடு சிறு துண்டுகளே.

அந்தக் குடியானவனைக் குறை கூறுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. நிலம் அவனுக்குச் சொந்தமில்லை. முன்பணம் கொடுத்த நகரத்து வியாபாரிக்கு அவன் கம்பீர் அளக்க வேண்டும். நாளை வளரும் மரத்தால் அவனுக்கு ஒரு காசு இலாபமில்லை. இன்று எரியும் மரத்தால் மாத்திரமே அவன் உயிர் வாழ முடியும். அந்த ஏற்பாட்டில் அகப்பட்டவன் எவனாயினும் காட்டை எரிக்கவே செய்வான்.

பேராவிலும் இதே கதை வேறு உருவத்தில் நடந்தது. லாருட் பகுதியில் ஈயம் கண்டெடுக்கப்பட்டபின் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர் அங்கே வந்து குவிந்தனர். அவர்கள் தோண்டிய ஈயமணலைச் சுரங்கத்துக்கு அருகிலேயே மண் உலைகளில் மரக்கரி கொண்டு உருக்கினார்கள். நல்ல வயிரம் பாய்ந்த மரங்களே அந்தக் கரிக்கு ஏற்றவை; ஆகவே முதலில் அழிந்தவையும் அவையே. 1887-ம் ஆண்டில் ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் கம்பெனி தொடங்கி, 1890-ல் சிங்கப்பூருக்கு அருகே புலாவ் பிரானி தீவில் பெரிய உருக்காலை அமைத்தது. அதன்பின் ஈயமணல் மண்ணாகவே கப்பலேறிற்று. காட்டு உலைகள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. காடு பிழைத்ததற்கு அங்கே அறிவு காரணமன்று. தொழில் இடம் மாறியதே காரணம்.

கடலோரத்துக் கண்டல்

இனி நமது காட்டுக்கு வருவோம். தைப்பிங்குக்கு மேற்கே, கடல் நீர் ஏறி இறங்கும் சேற்று நிலத்தில் மாத்தாங் காடு பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு சுமார் 40,000 ஹெக்டேர். அஃதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர். நமது பழந்தமிழ் நூல்கள் நெய்தல் நிலத்து மரமாகக் கூறும் கண்டல் இனத்தைச் சேர்ந்தவையே அங்குள்ள மரங்கள். மலாய்க்காரர் அவற்றைப் பாக்காவ் என்பர். அவற்றுள் பாக்காவ் மின்யாக், பாக்காவ் குராப் என்னும் இரண்டே விறகுக்கும் கரிக்கும் தலைசிறந்தவை.

இம்மரத்தின் குணங்கள் வியக்கத்தக்கவை. முட்டுக்கால் ஊன்றியதுபோல் வேர்கள் சேற்றுக்கு மேலே வளைந்து நிற்கும். விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, கோல்போல் நீண்டு, முற்றியதும் கீழே விழுந்து சேற்றில் குத்திட்டு நிற்கும். அல்லது நீரில் மிதந்து சென்று வேறோரிடத்தில் வேர்கொள்ளும். மரம் மிகக் கனமானது. பச்சையாக இருக்கும்போதே எரியும். நீண்ட நேரம் நின்று எரியும். மிகுந்த சூடு தரும். விறகு வியாபாரிக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

அந்தச் சரக்குக்கு வழி திறந்தது ரயில். 1885-ம் ஆண்டு ஜூன் 1-ம் தேதி தைப்பிங்குக்கும் கடற்கரைத் துறையான போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் ஓடிற்று. நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக இருந்த சர் பிரெடரிக் வெல்டின் பெயரே அத்துறைக்கு இடப்பட்டது. பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். ஈயம் துறைமுகத்துக்குப் போவதற்காகவே அந்தப் பாதை போடப்பட்டது. ஆனால் காட்டுக்கும் நகரத்துக்கும் இடையே அது ஒரு கயிறுபோல் அமைந்துவிட்டது. அவ்வூர் இன்று கோலா செபெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மாத்திரம் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அதில் பிற மொழிகளோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது. ரயிலில் வேலை செய்தோரும் பயணம் செய்தோரும் யார் என்பதற்கு அப்பலகையே போதிய அத்தாட்சி.

அந்நாளில் இந்நாட்டில் நிலக்கரி எடுக்கப்படவில்லை. எனவே ரயில் எஞ்சின்களும், சுரங்கத்தில் நீர் இறைத்த நீராவி இயந்திரங்களும், நகரத்து வீட்டு அடுப்புகளும் விறகையே நம்பியிருந்தன. கடற்கரைக் காடு நாலா திசையிலும் வெட்டப்பட்டது. கம்பீர்த் தோட்டத்தின் கதி மாத்தாங்குக்கும் வந்திருக்க வேண்டும். அது வராமற்போனது எப்படி?

முப்பது பங்கு

1900-ம் ஆண்டில் இந்திய வனத்துறையிலிருந்து எச். சி. ஹில் என்பவர் வரவழைக்கப்பட்டு, ஐக்கிய மலாய் நாடுகளின் காட்டு நிர்வாகத்தைப் பற்றி அறிக்கை தந்தார். அதற்கு அடுத்த ஆண்டில் பர்ன் மர்டக் என்பவர் வனத்துறைத் தலைவராக நியமனம் பெற்றார். அந்தப் பத்தாண்டின் முற்பகுதியிலேயே மாத்தாங் காடு சர்க்கார் காப்புக் காடாக அறிவிக்கப்படலாயிற்று. 1904-ம் ஆண்டில் அதற்கு முதல் செயல்திட்டம் வகுக்கப்பட்டது. அப்பொழுது சர்க்காரை இயக்கியது கருணை அன்று. ரயிலுக்கும் சுரங்கத்துக்கும் எரிபொருள் தீர்ந்துவிடுமே என்ற அச்சமே இயக்கிற்று. எனினும் அந்த அச்சத்திலிருந்து பிறந்த முறை நல்ல முறையாக அமைந்தது.

முறை இதுதான். மரம் வெட்டுப் பருவம் அடைய முப்பது ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காட்டை முப்பது பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கு மாத்திரம் வெட்டுவோம். முப்பதாவது பங்கை வெட்டி முடிக்கும்போது முதற் பங்கு மீண்டும் முதிர்ந்து நிற்கும். கணக்கு ஒரு சிறு பையனுக்கும் விளங்கக் கூடியதே. முதிர்ச்சிக்கு எத்தனை ஆண்டு என்பதில் ஆரம்பத் திட்டங்களில் மாற்றங்கள் இருந்தன. பின்னர் முப்பது ஆண்டு என்பது நிலைபெற்றது. விறகுக்குரிய பகுதி ஏறக்குறைய 30,000 ஹெக்டேர் என்று கொண்டால், ஆண்டுக்கு வெட்டத்தக்கது சுமார் 1,000 ஹெக்டேர். திட்டம் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தி எழுதப்படும்.

இடையிலும் வேலை உண்டு. மரங்களுக்குப் பதினைந்து வயதானதும் தொழிலாளி நாலடிக் கோல் ஒன்றைக் கையில் பிடித்து, நேராக வளர்ந்த நல்ல மரம் ஒன்றன் அருகில் நிற்பான். கோலைச் சுற்றிலும் சுழற்றி, அது எட்டும் தூரத்திலுள்ள மற்ற மரங்களை வெட்டிவிடுவான். இருபதாவது வயதில் ஆறடிக் கோல் கொண்டு மறுமுறை இவ்வாறே செய்வான். இதனால் நல்ல மரம் பருக்க இடம் கிடைக்கிறது. வெட்டிய கம்புகளும் வீணாவதில்லை. கட்டடத்துக்கு அடித்தூணாகவும் மீன்பிடிக் கூண்டுகளுக்குக் கழியாகவும் விலை போகின்றன. எழுத்தறியாத தொழிலாளியும் பிழையின்றிச் செய்யத்தக்கதாக ஒரு விஞ்ஞான முறையைக் கோல் ஒன்றில் அடக்கி வைத்தது மெச்சத்தக்கது.

முழு வெட்டு முடிந்த இடத்தை அப்படியே விடுவதில்லை. இரண்டு ஆண்டு கழித்துச் சென்று பார்ப்பார்கள். போதிய கன்று தானாக முளைத்திருந்தால் நல்லது. இல்லையேல், சேற்றை மூடிக்கொள்ளும் பியாய் என்னும் பெரணியை அழித்துவிட்டு, முளைவிட்ட கோல்விதைகளைக் கையால் ஊன்றுவார்கள். இளங்கன்றுகளை நண்டும் குரங்கும் கடித்து அழிப்பதுண்டு. அப்பொழுது மறுபடியும் நட வேண்டும். ஆற்றங்கரையோரத்தில் கரை இடியாதபடி மரங்களை வெட்டாமல் விட்டுவைப்பார்கள்.

இந்தக் காட்டைக் குறையற்றதென்று கூறிவிடக் கூடாது. முதன்முதல் வெட்டிய கன்னிக் காட்டில் கிடைத்த விறகின் எடை பின்வந்த வெட்டுகளில் கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பல இனத்து மரங்கள் நின்ற இடங்களில் விலைபோகும் ஓரிரண்டு இனங்களே மிகுந்துவிட்டன. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நின்ற காடு இன்றும் காடாகவே நிற்கிறது. அதன் ஓடைகளில் இறாலும், கடலோரச் சேற்றில் கெராங் சிப்பியும் விளைந்து பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. கம்பீர்க் குடியானவன் விட்டுச் சென்ற லாலாங் மேட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், கணக்கு என்பது எத்தனை பெரிய செல்வம் என்பது விளங்கும்.

சேறும் சூளையும்

அந்தக் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்த மனிதனையும் நாம் பார்க்க வேண்டும். மாத்தாங்கில் விறகு வெட்டியோர் பெரும்பாலும் சீனர்; மலாய்க்காரரும் உண்டு. கோடரியும் கத்தியும் கொண்டு முழங்கால் ஆழச் சேற்றில் நின்று மரத்தைச் சாய்ப்பது அவர்கள் வேலை. சாய்த்ததைக் குறித்த நீளத்துக்குத் துண்டாக்கி, பட்டையைத் தட்டி உரித்து, சேற்றின்மேல் பரப்பிய பலகைப் பாதை வழியே ஓடைக்குச் சுமந்து செல்ல வேண்டும். பின்னாளில் மரம் அறுக்கும் இயந்திரம் வந்தது. சேறும் சுமையும் மாறவில்லை. படகு புறப்படுவது கடலின் ஏற்றத்தைப் பொறுத்தது. நள்ளிரவில் நீர் ஏறினால் நள்ளிரவிலே படகு வரும். கூலி நாளுக்கு அன்று. செய்த வேலையின் அளவுக்கே. நோயில் படுத்தவனுக்கு அன்று வரவில்லை.

தொடக்கத்தில் காட்டிலிருந்து பெரும்பாலும் வெறும் விறகே விற்பனைக்குப் போயிற்று. 1930-ம் ஆண்டையொட்டிச் சயாம் நாட்டு முறையில் செங்கற் சூளைகள் வந்தபின், அவ்விறகு மரக்கரியாக மாறி விற்கப்படலாயிற்று. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்க்குக் கரிமூட்டம் தெரியும். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே மெல்லப் புகையவிடும் முறை அது. கோலா செபெத்தாங் சூளையும் அதே தத்துவந்தான். ஆனால் மூட்டம் ஒருமுறைக்கு உரியது, சூளை பல ஆண்டுக்கு உரியது.

சூளை கவிழ்த்த சட்டிபோல் உருண்டையாக, இருபதடிக்கு மேல் உயரமும் அகலமும் உடையதாக இருக்கும். ஐந்தடிக்குச் சற்று அதிகமான கட்டைகளை உள்ளே நட்டுக்குத்தாக நிறுத்துவார்கள். தரையில் படும் நுனி கரியாகாமல் போய்விடுமாதலால், ஒவ்வொரு கட்டையின் அடியிலும் கல்துண்டு வைப்பார்கள். வாயிலில் தீ மூட்டுவார்கள். ஆனால் அந்தத் தீ கட்டைகளைத் தொடாது. சூடு மாத்திரம் உள்ளே சென்று மரத்தின் நீரை விரட்டும். சுமார் பத்து நாள் இவ்வாறு எரித்து, பிறகு வாயிலைக் குறுக்கி மேலும் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, இறுதியில் எல்லாத் துவாரங்களையும் மண்ணால் அடைத்து எட்டு நாள் ஆறவிடுவார்கள். ஆக, ஒரு சூளைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். உள்ளே என்ன நடக்கிறதென்று கண்ணால் காண முடியாது. புகையின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே சூளைக்காரன் அறிந்துகொள்கிறான். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் புகுந்து, ஒரு மாத உழைப்பு சாம்பலாகும்.

40 டன் பச்சை விறகு உள்ளே போனால் 10 டன் கரி வெளியே வரும். நாலில் மூன்று பங்கு எடை போய்விடுகிறதே, இதில் இலாபம் எங்கே என்று கேட்கலாம். எடை குறைவதே இலாபம்! படகுக்கும் ரயிலுக்கும் கொடுக்கும் கூலி அந்த அளவுக்குக் குறைகிறது. கரி மழையில் அழுகாது. நகரத்து நெருக்க வீடுகளில் புகை எழுப்பாது. ஆகவே கடைத்தெருவில் விறகைவிடக் கரிக்கு மதிப்பு ஏறிற்று. கடைக்காரர் அதைப் பிக்கல் கணக்கில் வாங்கி, கட்டிக் கணக்கில் சில்லறையாக விற்றார். ஒரு பிக்கல் நூறு கட்டி. சிங்கப்பூரிலும் 1980-ம் ஆண்டுகள்வரை தஞ்சோங் ரூ கரையில் கரி ஏற்றிய தொங்காங் படகுகள் வந்து நின்றதைப் பார்த்த முதியோர் இன்றும் இருக்கிறார்கள்.

சந்தை மாறியது

விறகு வியாபாரத்தின் முதல் பெரிய வாடிக்கையான ரயில், முதலில் கை நழுவிப்போயிற்று. சிலாங்கூரில் ரவாங்குக்கு அருகேயுள்ள பத்து ஆராங்கில் மலாயன் காலியரீஸ் கம்பெனி 1915-ம் ஆண்டில் நிலக்கரி எடுக்கத் தொடங்கிற்று. ரயிலும் மின்சார நிலையங்களும் அதற்கு மாறின. ஆனால் அந்த நிலக்கரியும் நிலைக்கவில்லை; எண்ணெயோடு போட்டியிட முடியாமல் 1960-ல் சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்குள்ளிருந்து வந்த கரியின் ஆயுள் நாற்பத்தைந்து ஆண்டு. சேற்றுக் காட்டிலிருந்து வந்த கரி அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. இதையும் மனத்தில் கொள்ளுதல் நலம்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் மரக்கரிக்கு எதிர்பாராத கிராக்கி வந்தது. பெட்ரோல் அரிதாயிற்று, மோட்டார் வண்டிகளின் பின்புறத்தில் உலை கட்டி, மரக்கரியிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு ஓட்டினார்கள். யுத்தம் முடிந்தபின் பெட்ரோல் திரும்பிற்று. அதைத் தொடர்ந்து மண்ணெண்ணெய் அடுப்பும், பின்னர் சமையல் வாயுவும் நகர வீடுகளில் புகுந்தன. அடுக்களைக்குரிய கரி வரவரக் குறைந்தது. ஆனால் சூளைகள் அணையவில்லை. மாத்தாங்கின் கரி ஜப்பான் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறலாயிற்று. ஏழையின் அடுப்புக்கு எரிபொருளாக இருந்தது, செல்வர் விருந்தில் இறைச்சி வாட்டும் கரியாக மாறிற்று.

தோட்டத்து விறகு

இவ்வளவும் சொன்னபின், நம் வாசலுக்கு வராமலிருந்தால் இக்கட்டுரை முழுமையாகாது. தோட்டத்திலும் விறகு இருந்தது; மாத்தாங்கைப் போல் அதற்கும் ஏறக்குறைய முப்பதாண்டுச் சுழற்சியே. பால் வற்றிய ரப்பர் மரத்தைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நடும் காலம் பெரும்பாலும் இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுக்குள் வரும்.

அந்த மரமும் அதன் கிளைகளும் இரண்டு அடுப்புகளுக்குப் போயின. ஒன்று ஸ்டோருக்குப் பக்கத்திலிருந்த புகைவீடு. பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, மூங்கிற் கழிகளில் தொங்கவிட்டு, சில நாள் விறகுப் புகையில் வாட்டுவார்கள். புகையே தகட்டை உலர்த்திப் பூசணம் பிடியாமல் காத்தது. லண்டன் சந்தையில் விலை பேசப்பட்ட புகைத்தகடு இதுதான். இந்த அடுப்புக்கு விறகு வெட்டியவனுக்குச் செக்ரோலில் பேர் விழும். விறகின் செலவு தோட்டக் கணக்கில் ஏறும். ஆண்டு முடிவில் அது கம்பெனியின் இலாப நஷ்டப் பட்டியலிலும் தெரியும்.

மற்றோர் அடுப்பு லயத்தில் இருந்தது. அதற்கு விறகு சேர்த்தவள் பெண். விடியுமுன் எழுந்து சமைத்து, பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, மரம் சீவி, பால் எடுத்துக் கொட்டிவிட்டுத் திரும்பும் வழியில் சுள்ளி பொறுக்கித் தலையில் சுமந்து வந்தாள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் அவளோடு சென்றனர். மழைக் காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தாள். இந்த உழைப்பு எந்தச் செக்ரோலிலும் இல்லை. கிராணிமார் தலைமுறை தலைமுறையாக எழுதி அடுக்கிய பேரேடுகளில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

கூலியிலேயே அவளுக்குக் குறைவு. 1928-ம் ஆண்டில் போக்குவரத்துக்கு எளிய பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. குடும்பச் செலவைக் கணித்தே கூலி நிர்ணயம் செய்ததாகச் சொன்னார்கள். அரிசிக்கு விலை போட்டார்கள். மிளகாய்க்கும் துணிக்கும் விலை போட்டார்கள். அரிசியைச் சோறாக்கும் விறகு காட்டில் கிடக்கிறதென்றும், அதைச் சுமந்து வரும் பெண்ணின் நேரத்துக்கு விலை இல்லையென்றும் எண்ணினார்கள் போலும். அவள் சுமந்த விறகுக்கும் கூலி கணக்கிட்டிருந்தால், தோட்டத்தின் இலாபத்தில் ஒரு சிறு பகுதியாவது அவள் தலைச்சுமையிலிருந்து வந்தது என்பது வெளிப்பட்டிருக்கும்.

காலம் மாறியபோது அந்த விறகுக்கும் விலை பிறந்தது. 1952-ம் ஆண்டில் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. பழைய மரங்கள் ஆயிரமாயிரம் ஏக்கரில் சாய்ந்தன. 1967-ல் பிறை என்னும் இடத்தில் தொழிலைத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை, இரும்பை உருக்குவதற்கு ரப்பர் மரக்கரியைப் பயன்படுத்திற்று. அதன்பின் 1980-ம் ஆண்டுகளில் ரப்பர்ப் பலகை மேசை நாற்காலிக்கு ஏற்றதென்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது. லயத்துப் பெண் தலையில் சுமந்தபோது விலையற்றிருந்த அதே மரம், லாரியில் ஏறியபோது விலையுள்ள சரக்காயிற்று. மரம் மாறவில்லை, அதைக் கணக்கில் எழுதுவோர் வந்தார்கள், அவ்வளவே.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே, விறகு பழங்கதையாகிவிட்டதென்று யாரும் எண்ண வேண்டாம். உலகில் வெட்டப்படும் மரத்தில் ஏறக்குறையப் பாதி இன்னும் எரிப்பதற்கே போகிறது. சுமார் 210 கோடி மக்கள் இன்றும் திறந்த அடுப்பிலோ புகை மிகுந்த அடுப்பிலோ சமைக்கிறார்கள். அந்தப் புகையால் 2020-ம் ஆண்டில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களில் பெரும் பகுதியினர் ஏழை வீடுகளின் பெண்களும் குழந்தைகளும் என்பதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. நம் பாட்டிமார் ஊதிய அதே புகை, வேறு நாட்டு ஏழைகளின் கண்ணில் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. மிகப் பிந்தியேனும் யாரோ ஒருவர் அதைக் கணக்கெடுத்தார். கணக்கெடுத்தபின்தான் நல்ல அடுப்பு, மாற்று எரிபொருள் என்னும் பேச்சுகளுக்குப் பலம் வந்தது.

மாத்தாங் காடு பிழைத்ததும் அவ்வாறே. ஒரு மரம் வளர எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம், வெட்டிய இடத்தில் எத்தனை முளைத்தது என்று எழுதி வைத்தவர்கள் இருந்தபடியால் அது பிழைத்தது. லயத்துப் பெண்ணின் உழைப்பு மறைந்ததற்குக் காரணம், அதை எழுதுவார் இல்லாமையே. பேனா பிடிக்கும் தொழிலில் இருப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் எழுதுவது வெறும் எண்ணன்று. எது காக்கப்படும், எது கைவிடப்படும் என்பதற்கு அந்த எண்ணே பிரமாணமாகிறது.

தோட்டங்களில் வாழ்ந்து, இப்போது நகரப் புறங்களில் குடியேறிவிட்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். புகைவீட்டுத் தீயைக் காத்தவர்களும், சுள்ளி சுமந்தவர்களும் அவர்களில் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு சுமந்தார்கள், எவ்வளவு தூரம் நடந்தார்கள், எத்தனை மணி நேரம் அதற்குச் சென்றது என்று அவர்களிடம் கேட்டு ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். வாசக சாலைகளும் இளைஞர் மன்றங்களும் அவற்றைத் திரட்டலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். மனம் வேண்டும், சற்று விரைவும் வேண்டும். காடு முப்பது ஆண்டில் மறுபடியும் முளைக்கும். மறைந்த மனிதரின் நினைவுக்கு அத்தகைய மறுவிளைச்சல் கிடையாது. ஆதலால் இந்த வேலையை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.